அண்ணன் ஒளித்து வைத்த போல்ட்

அண்ணா! உன்னைத்தான் கூப்பிடுகிறேன். ஊரே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்கு நீ அண்ணா மட்டும்தான். நீ இருந்தபோதே ரெண்டாவது தடவை கத்தினால்தான் போனிலிருந்து தலையைத் தூக்குவாய். பொங்கலூரில் நீ ஒளித்து வைத்த டப்பி போய்விட்டது. தொலைத்தவள் நான். அம்மாவிடம் சொல்லலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். "என்ன டப்பி?" என்று அம்மா கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அண்ணன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினான். நிட்டிங் கம்பெனியில் துணி ரோல்களை ஏற்றி வீரபாண்டியில் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவான். சாயம் போட்டதை ஏற்றிக்கொண்டு திரும்புவான். வண்டி ஓடுகிற நேரத்தைவிட கேட்டுக்கு வெளியே காத்துக் கிடக்கிற நேரம்தான் அதிகம். மற்ற டிரைவர்கள் சீட்டில் காலை நீட்டித் தூங்குவார்கள். இவன் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டான்.

அதுவும் தற்செயலாக வந்ததுதான். ஷிப்மென்ட் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் கார் பல்லடம் ரோட்டில் நின்றுவிட்டது. அண்ணன் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியில் அவர் போனைப் பார்த்துக்கொண்டே வந்து, திடீரென்று நிறுத்தச் சொல்லி, ஒரு புளியமரத்து வேருக்கடியில் கையை விட்டாராம். மாத்திரை டப்பா மாதிரி ஒன்று வந்தது. அதற்குள் சுருட்டிய தாள். அதில் பெயரை எழுதி, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, பரீட்சையில் பாஸானவர் மாதிரி வந்து ஏறினாராம். அன்று சாயங்காலம் அண்ணன் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இதையே சொன்னான். போனில் ஒரு ஆப். அதில் மேப். மேப்பில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ ஒருவர் ஒரு டப்பியை ஒளித்து வைத்திருக்கிறார். சில டப்பிகள் விரல் நகம் அளவுதான் இருக்குமாம்.

"எடுத்துக்கறதுக்கு இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. கண்டுபுடிச்சு, பேரை எழுதி, இருந்த மாதிரியே வெச்சுரோணும்."

"அப்பறம் எதுக்குத் தேடறது?"

"தேடறதுக்குத்தான்."

"கிறுக்கு முத்திப் போச்சு. அம்மா, இவனுக்குச் சீக்கிரம் பொண்ணு பாரு."

"நீ வந்து பாரு ஒரு நாளைக்கு. அப்பறம் சொல்லு, யாருக்குக் கிறுக்குன்னு."

நான் போகவில்லை. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பனியன் கம்பெனியில்தான் வேலை. இப்போது செக்கிங். ட்யூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் பீஸை விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குற்றம் இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஏரோ என்போம். ஏரோ ஒட்டினால் டெய்லர் பார்த்துச் சரிசெய்வார். அவ்வளவுதான் வேலை, நாள் முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் வாசலில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்பான். "வாரம் பூரா ஓட்டை தேடறேன், இன்னிக்கும் தேடச் சொல்றியா?" என்பேன்.

"அதுக்குத்தான் கூப்புடறேன். உன்ற கண்ணு எனக்கில்ல பாப்பா."

போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போயிருக்கலாம்.

ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகவில்லை.

அவன் போனை அணைத்து பீரோவில் வைக்கச் சொன்னது அம்மா. நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு என் பையிலேயே வைத்திருந்தேன். அம்மா காலையும் மாலையும் அவனுக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தச் செய்தி வந்தது. ஈரோட்டுக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். மேலே தள்ளிப் பார்த்தேன். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் ஆறேழு மாதமாகப் பழக்கம் என்று தெரிந்தது. மாப்ள, ப்ரோ என்று ஒரே கிண்டல். கடைசியாக வந்தது இதுதான்: "ப்ரோ, பொங்கலூர் பஸ் ஸ்டாப்ல நீங்க வெச்ச டப்பிக்கு ரெண்டு தடவ வந்துட்டேன். கெடைக்கல. இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. ஓனர் பதில் போடலைன்னா மேப்புல இருந்து எடுத்துருவாங்க. தூங்கிட்டீங்களா மாப்ள?"

அண்ணனே ஒரு டப்பி ஒளித்து வைத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஆப்பைத் திறந்தேன். பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி. அதைத் தொட்டால் அவன் பெயர் வந்தது. ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை எடுக்க மாமா விசாரித்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு வேறு டிரைவர் வந்துவிட்டார். இந்தப் புள்ளி ஒன்றில்தான் அவன் பெயர் இன்னும் அடிக்காமல் இருந்தது.

யோசிக்காமல் எழுதிவிட்டேன். "இருக்குது ப்ரோ. நேத்துதான் பாத்தேன்."

அவன் எழுதுவது மாதிரியே எழுதினேன். உடனே கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. அம்மா உள்ளே ஓதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மௌத்தாகி மண்ணுக்குள் போனவன் பெயரில் பொய் எழுதிய கையோடு நான் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பொய்யை உண்மையாக்கிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொங்கலூருக்கு பஸ் ஏறினேன்.

நிழற்குடையில் நீலப் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய் இருக்கை. பக்கத்தில் ஒரு பேக்கரி. மேப் அந்த இருக்கையையே காட்டியது. உட்கார்ந்தேன், எழுந்தேன், குனிந்து பார்த்தேன், பின்னால் போனேன். போனைப் பார்த்துக்கொண்டே நடந்து தூணில் இடித்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் அம்மிணி, என்னத்தத் தேடறீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "தோட்டுத் திருகாணிங்க. விழுந்துருச்சுங்க."

"அய்யய்யோ, தங்கமா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். அந்த அக்கா காய்கறிப் பையை இருக்கையில் வைத்துவிட்டுக் குனிந்துவிட்டது. பேக்கரிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்து, "யாரும் நடக்காதீங்க, யாரும் நடக்காதீங்க" என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தினார். பப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு வடநாட்டுப் பையன், "கியா கிரா, தீதி?" என்று, என்ன விழுந்தது அக்கா என்று இந்தியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முட்டி போட்டு போன் டார்ச்சை அடித்தான்.

"மண்ணைக் கையில அள்ளிச் சலிக்கோணும் அம்மிணி, அப்பத்தான் கெடைக்கும்," என்றது அக்கா.

"நடக்கறப்பவே புடிச்சுப் பாத்திருக்கோணும். எம்பட ஊட்டுக்காரியும் இப்படித்தான், தொலைச்சதுக்கப்பறம்தான் காதைத் தடவுவா," என்றார் பேக்கரிக்காரர்.

அக்காவுடைய பஸ் வந்தது. அது ஏறவில்லை. "போகட்டும் உடுங்க, அடுத்த வண்டி வரும். தங்கத்தை உட்டுப்போட்டு எப்படிப் போறது?" என்று மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தது. என் காதில் திருகாணி இரண்டும் பத்திரமாக இருந்தன. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். அழுதுவிட்டேன். திருகாணிக்காக அழுகிறேன் என்று நினைத்து எனக்கு ஒரு டீ கொடுத்தார்கள்.

அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத் தேடவே தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அதனால் சுலபமான புள்ளிகளாகப் பார்த்துப் போனேன். முதலாவது குன்னத்தூர் ரோட்டில், ஒரு மைல் கல்லுக்குப் பின்னால். அங்கேயும் போனையே பார்த்துக்கொண்டு வெயிலில் சுற்றினேன். போன் காட்டுகிற இடம் நாலடி முன்னே இருக்கும், பின்னே இருக்கும், கிட்டே போன பிறகு அதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அது புரிந்ததும் போனைப் பைக்குள் போட்டேன். வெறும் கையோடு நின்றபோதுதான் கண் தன்னால் வேலை செய்ய ஆரம்பித்தது. கல்லடியில் மூன்று சின்னக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. காற்றும் மழையும் அப்படி அடுக்காது. எடுத்தேன், டப்பி இருந்தது.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வந்தது. அண்ணன் போன பிறகு வந்த முதல் சந்தோஷம். வந்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். தாளில் அவன் பெயரை எழுதினேன். ஆப்பிலும் அவன் பெயரில் "கண்டுபிடித்தேன்" என்று போட்டேன். என் பை வாரில் வேலைக்கு வைத்திருக்கிற ஏரோ ஸ்டிக்கர் தாள் மாட்டியிருந்தது. கை தன்னால் ஒன்றை உரித்து, மைல் கல்லில், டப்பி இருந்த இடத்தைக் காட்டி ஒட்டியது. ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். உரித்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இருக்கட்டும், என்னை மாதிரி தெரியாமல் வெயிலில் அலைகிறவளுக்கு உதவும் என்று விட்டுவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

அப்படியே இன்னும் சில. ஒரு பாலத்துக் கைப்பிடியின் அடியில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலை ஓட்டினேன், கிடைத்தது. தையலில் முடிச்சு இருந்தால் விரல்தான் முதலில் சொல்லும். பீஸை வெளிப்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, உள்பக்கம் திருப்ப வேண்டும், அந்த மாதிரி ஒரு பார்வை வந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவன் பெயர், ஒரு ஏரோ. தெரியாதவர்களெல்லாம் பதில் போட்டார்கள். "எங்க ப்ரோ ரொம்ப நாளா காணோம்?" "வாங்க வாங்க, ஃபார்ம்ல இருக்கீங்க போல." அதைப் படித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். அங்கே அவன் உயிரோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

திரும்பப் பொங்கலூர் போனேன். இந்த முறை இருக்கையில் உட்கார்ந்து சும்மா பார்த்தேன். பனியனை மடித்து இடது தோளையும் வலது தோளையும் ஒத்துப் பார்ப்போம், அது மாதிரி இருக்கையின் இரண்டு முனைகளையும் ஒத்துப் பார்த்தேன். இடது பக்கக் காலில் ஒரு போல்ட். வலது பக்கக் காலில் இரண்டு. இரண்டாவதைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே குடைந்து, அடியில் காந்தம் வைத்து, அதே நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான் என் அண்ணன். தலையைத் திருகினால் உள்ளே தாள். மேலே அவனுடைய சாய்ந்த கையெழுத்தில்: "எழுதிட்டு, இருந்த மாதிரியே வெச்சுருங்க சாமி."

நிழற்குடையில் யாருமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டோ எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் இங்கேயே இருக்கப்போகிறதே. நினைத்தால் வந்து பார்க்கலாம். அவன் சொன்ன மாதிரியே இருந்த இடத்தில் வைத்தேன். எழுந்து நின்றேன். ஏரோ ஒன்றை உரித்து அதன் பக்கத்தில் ஒட்டினேன்.

அடுத்த வாரம் ஈரோட்டுக்காரரின் செய்தி வந்தது. இந்தத் தடவை மாப்ள இல்லை. "ப்ரோ, மறுபடி போனேன். டப்பி இல்ல. ஒரு ஏரோ ஸ்டிக்கர் மட்டும் இருக்குது. குன்னத்தூர்லயும் பாலத்துலயும் இதே ஸ்டிக்கர். ரெண்டு எடத்துலயும் டப்பியக் காணோம். அந்த ரெண்டுலயும் கடைசியாப் பேர் எழுதுனது நீங்கதான். குரூப்ல எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

அவர்கள் பேசிக்கொண்டிருந்ததையும் போய்ப் படித்தேன். விளையாடத் தெரியாதவன் என்று ஒருவர். வேணுமென்றே காட்டிக்கொடுக்கிறான் என்று ஒருவர். மற்றவர்கள் ஒளித்த பொருளைத் திருடுகிறான் என்றுகூட ஒருவர். எல்லாம் அண்ணனைத்தான். கம்பெனியில் மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே முடியவில்லை.

அரை நாள் லீவு போட்டு ஓடினேன். இருக்கையின் வலது காலில் ஏரோ இருந்தது. அது காட்டிய இடத்தில் போல்ட் இல்லை, வெல்டிங் வைத்த தழும்பு இருந்தது.

"வா அம்மிணி, திருகாணி கெடைச்சுதா?" என்றார் பேக்கரிக்காரர்.

"இல்லீங்ணா. இந்த இருக்கையில ஏதோ வேலை நடந்திருக்குதுங்க..."

"நாந்தான் பண்ணுனேன்." அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கடை போடறதுக்கு முன்னாடி பதினஞ்சு வருசம் பனியன் கம்பெனியில பேட்லாக் மெஷின் டெய்லர் அம்மிணி நானு. ஏரோவைப் பாத்தா எனக்குத் தெரியாதா? யாரோ நம்ம கம்பெனிக்காரப் புண்ணியவதி டிஃபெக்ட்டுன்னு ஒட்டீட்டுப் போயிருக்கறாங்க. என்னடான்னு பாத்தா, போல்ட்டு கையோட வருது! அடியில மரையே இல்ல, சும்மா ஒட்டிட்டு நின்னிருக்குது. காண்ட்ராக்ட்காரன் டூப்ளிகேட் போல்ட்டை வெச்சு ஏமாத்திருக்கறான் பாரு. வயசானவங்க உக்கார்ற எடம், உழுந்து கிழுந்து போனா? வெல்டிங்காரனைக் கூப்புட்டு வெச்சு அடிச்சு உட்டுட்டேன். இனி ஆனை உக்காந்தாலும் ஆடாது."

"அந்த போல்ட்டுங்க?"

"அது எதுக்கு? டீத்தூளோட குப்பை வண்டியில போட்டாச்சு. போயி நாலஞ்சு நாளாச்சு."

ஒருவரும் கேட்காமல், தன் கைக்காசைப் போட்டு, ஊருக்கு நல்லது செய்திருக்கிறார். அதையும் நான் ஒட்டிய ஏரோவைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். "ரொம்ப நல்லதுங்ணா," என்றேன். இருக்கையில் உட்கார்ந்தேன். உண்மையாகவே ஆடவில்லை.

அங்கே உட்கார்ந்தே ஈரோட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவன் போனிலிருந்துதான்.

"சொல்லுங்க ப்ரோ, இப்பவாச்சும் கூப்புட்டீங்களே."

"ப்ரோ இல்லீங்க. அவங்க தங்கச்சி பேசறேன்."

"ஓ... சொல்லுங்கம்மா. அவரு இல்லீங்களா?"

"இல்லீங்க. மௌத்தாயிட்டாங்க."

லாரி ஒன்று போகிற சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"எப்பங்க? கொஞ்ச நாள் முன்னாடிகூட எனக்கு..."

"அது நாந்தானுங்க. டப்பி இருக்குன்னு போட்டதும் நாந்தான். அதுக்கு முன்னாடியே அவன் போயிட்டானுங்க. ஸ்டிக்கர் ஒட்டுனதும் நாந்தானுங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வேகமாகச் சொன்னால்தான் சொல்ல முடியும் போலிருந்தது.

"அய்யோ," என்றார். "தூங்கிட்டீங்களா மாப்ளன்னு எழுதுனேனேம்மா நானு."

அவர் அழுதாரா என்று தெரியாது. மூக்கை உறிஞ்சினார். பிறகு, "வேற ஒண்ணு நான் செஞ்சு தர்றேம்மா. அதே எடத்துல வெச்சுரலாம். அவரு பேர்லயே ஓடட்டும்," என்றார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று நாக்கு நுனி வரை வந்தது. "அது அவன் வெச்சது ஆகாதுங்களே," என்றேன். "இன்னும் ஒரு பொய்யத்தான் அவன் பேர்ல சேக்கோணும்."

வீட்டுக்கு வந்து ஆப்பில் அந்தப் புள்ளியின் பக்கத்தில் எழுதினேன். இவர் இறந்துவிட்டார், இவர் பெயரில் எழுதியது தங்கையான நான், ஸ்டிக்கர் ஒட்டியது நான், அதைப் பார்த்து யார் யாரோ எடுத்து டப்பிகள் போனதற்குக் காரணம் நான். எழுதிவிட்டு, டப்பி இனி இல்லை என்கிற பட்டனை நானே அழுத்தினேன். மேப்பிலிருந்து புள்ளி போனது. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். பிறகு அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று எழுந்தேன். அம்மா தொழுகையில் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்கு வரை சொல்லவில்லை.

அண்ணனை எடுத்துப்போகிற அன்று மாமா எல்லோர் முன்னாலும் நின்று, இவன் யாருக்காவது மனம் நோகும்படி செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். மன்னித்தோம் என்று மொத்தக் கூட்டமும் சொன்னது. ஒரு பாக்கியும் இல்லாமல்தான் அவன் போனான். அதற்குப் பிறகு, அவன் மண்ணுக்குள் இருக்கும்போது, அவன் பெயரில் நான் சேர்த்தவைதான் இவ்வளவும். திருடன் என்று அவனை நினைத்தவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதியதைப் பார்க்காதவர்கள் இன்னும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, வீடு வீடாகப் போய்க் கேட்கவும் முடியாது.

அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். என்மேல் கோபமிருந்தால் இருக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான். அவன்மேல் ஒன்றும் வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எந்தப் பக்கம் திரும்பித் தொழுதாலும் சரி, என் அண்ணனையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் கப்ரு, அவன் படுத்திருக்கிற அந்த மண்ணறை, அவனுக்கு விசாலமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் துஆ செய்யுங்கள்.